கிணற்றின் மேல் ஒட்டிய அம்பு

வெள்ளகோவிலிலிருந்து அருள்புரம் பனியன் கம்பெனிக்கு எங்களை ஏற்றிச் செல்லும் வேனில் அந்தப் பெண் எப்போதும் ஜன்னலோரம் உட்காருவார். செக்கிங் பிரிவில் வேலை. துணியில் பழுது உள்ள இடத்தைக் காட்ட ஒட்டும் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று அவருடைய கட்டைவிரல் நகத்தில் எந்நேரமும் இருக்கும். வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டு ஒரு கேம் செய்திருப்பதாகச் சொல்லி, ஒரு நாள் என்னிடம் போனை நீட்டினார்.

மூலனூர் முருங்கைத் தோட்டம் வரை ஓர் ஆட்டை ஓட்டிப் போக வேண்டும். என் ஆடு மூன்று முறையும் ஒரே கிணற்றில் விழுந்தது. அவர் நகத்திலிருந்த அம்பை எடுத்துத் திரையில் அந்தக் கிணற்றின் மேல் ஒட்டினார். தையல் லைன் சூப்பர்வைசரான எனக்கு அடுத்தவர் தப்பைக் காட்டித்தான் பழக்கம். கூசிப் போனேன்.

"எனக்கு இதெல்லாம் வராதும்மா. தப்புத் தப்பா பண்றேன்."

"உங்க தப்பு இல்லீங்க சார். திரும்பத் திரும்ப அங்கயே உழுகுதுன்னா கெணறு கண்ணுக்குத் தெரியலீங்க. நான் வரைஞ்சதுலதான் பழுது. ஞாயித்துக்கெழம சரி பண்ணிப்போடறனுங்க."

அந்த வாரம் ஒரு டெய்லர் டீ-ஷர்ட் பாக்கெட்டை மூன்றாவது முறையும் கோணலாகத் தைத்தார். கத்த வாயெடுத்தவன், அவரை எழுப்பிவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். சாம்பல் துணியில் நான் போட்டுக் கொடுத்த சாக்பீஸ் குறி அங்கிருந்து தெரியவே இல்லை.

செக்கிங்குக்குப் போய் அந்தப் பெண்ணிடமே ஓர் அம்பு வாங்கி வந்து, என் குறியின் மேல் ஒட்டினேன்.