விருத்தாம்பாள் வைத்த ஃபிளெக்ஸ்

ரஞ்சனியை அவளுடைய அப்பா, பாவாடை என்பவர், செஞ்சியைவிட்டுக் கூட்டிக்கொண்டு போனது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. விற்று முடித்து டீ குடிக்க வந்தவர்களும், விலை படியாத ஆட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டு போகிறவர்களும் பேருந்து நிலையத்தை அடைத்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க ஆளுக்குக் குறைவில்லை.

பாண்டியிலிருந்து வந்த பெங்களூர் பஸ்ஸில் ரஞ்சனி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூவில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பத்தொன்று எடுத்த பெண். அடுத்த மாதம் கல்லூரியில் சேர வேண்டியவள். விருத்தாம்பாள் ஸ்கூட்டியை என் கையில் விட்டுவிட்டு பஸ்ஸை நோக்கி ஓடினார். அவர் கையில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் இருந்தது. அதற்குள் ஒரு மாதத்துக்கான மாத்திரைகள்.

"ரஞ்சனி, இத்த மட்டும் வாங்கிக்க. நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு இல்ல?"

ரஞ்சனி பார்க்கவில்லை. பாவாடைதான் படியிலிருந்து இறங்கி வந்தார். கமிட்டி என்கிற நெல் ஏலக் கூடத்தில் மூட்டை தூக்குகிறவர். நின்றாலே வழி அடைபடும்.

"ரோட்டு மேல ஃபிளெக்ஸ் வெச்சுக் காட்டின. பத்தலயா? இப்ப பஸ் ஸ்டாண்டுல வந்து மாத்திர காட்டறியா?"

"கத்தாதீங்கண்ணா. மாத்திரய நிறுத்தினா மறுபடியும் பேச்சு நின்னுடும். அப்ப இன்னா பண்ணுவீங்க?"

"யாரு உனக்கு அண்ணன்? எம் பொண்ணு பேசறா, பேசாத கெடக்கறா, அது எம்பாடு. நீ போயி வேற எவன் வூட்டயாவது கெடு."

பக்கத்தில் ஆட்டுக் கயிற்றைப் பிடித்தபடி நின்ற ஒருவர், "இன்னாப்பா சண்ட, பொண்ணு ஓடிப்போவுதா?" என்று கேட்டார்.

"இல்லப்பா, அந்த மெண்டல் பொண்ணு. கூட்டு ரோட்டு ஃபிளெக்ஸ்ல இருந்துச்சே, அது" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்தவர்.

சத்தமாகத்தான் சொன்னார். ரஞ்சனி கண்ணாடியை இழுத்து மூடினாள். பஸ் போன பிறகு விருத்தாம்பாள் திரும்பி வந்து, பாக்ஸைச் சீட்டுக்கு அடியில் போட்டு மூடிவிட்டு, "ஏறு" என்றார். அவ்வளவுதான்.

விருத்தாம்பாளை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் நான்கு ஆண்டுகள் ஊர் ஊராக வேலை பார்த்து, எங்கும் கால் தரிக்காமல் செஞ்சிக்குத் திரும்பியிருந்த நேரம். சொந்தக்காரர்கள் என் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத இந்தப் பெண்மணி எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நீதான அந்த ஊர்சுத்தி? சும்மாதான் இருக்கறியாமே. சாயந்தரம் வந்து பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடு. சுத்துனது எதுக்காவது உதவட்டும்."

இங்கே யாரும் அவரிடம் மரியாதையாகப் பேசியதில்லை. அவரும் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

வல்லம் பக்கத்துக் காலனி ஒன்றில் கூலி வேலை செய்தவர்களின் மகள். பத்தாவது முடித்ததும் அவலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். முதல் பிரசவத்தில் குழந்தை இறந்துபோனது. அதற்குப் பிறகு அவர் தூங்கவில்லை, குளிக்கவில்லை, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கணவன் வீட்டில் முதலில் மந்திரித்தார்கள், பிறகு அடித்தார்கள், கடைசியில் துணியை ஒரு உரச்சாக்கில் கட்டி செஞ்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். டிக்கெட் எடுத்துக் கொடுக்கவும் யாரும் கூட வரவில்லை. வழியில் கண்டக்டர் இறக்கிவிட்டதாகச் சொல்வார். மிச்ச தூரம் நடந்தாராம்.

குணமானது ஒரு டாக்டரால். நிலைத்தது படிப்பால். முப்பது வயதில் பிளஸ் டூவைத் தனியாக எழுதினார். பிறகு அஞ்சல் வழியில் ஒரு பட்டம். ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் அவரைக் களப்பணியாளராக வைத்துக்கொண்டது. யார் வீட்டில் ஒரு ஆள் பேசாமல், சாப்பிடாமல், தனக்குத் தானே பேசிக்கொண்டு கிடக்கிறாரோ அங்கே போய், வாரத்தில் ஒருநாள் விழுப்புரத்திலிருந்து செஞ்சி ஆஸ்பத்திரிக்கு வரும் மனநல டாக்டரிடம் அவரைக் கூட்டிவருவதுதான் வேலை.

போன வீடுகளில் எல்லாம் விரட்டினார்கள். விருத்தாம்பாளின் ஸ்கூட்டி ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டில் பைத்தியம் இருக்கிறது என்று அர்த்தமாகிவிட்டது. வண்டியைப் பார்த்ததும் ஒரு அம்மா சாணித் தண்ணீரை எடுத்து ஊற்றினார். மளிகைக் கடைக்காரர், "ஏம்மா, எங் கட முன்னாடி நிறுத்தாத. எனக்குக் கல்யாணத்துக்குப் பையன் இருக்குது" என்றார்.

"உம் பையனப் பாத்துட்டும் எவளாவது கட்டிக்கினா, அவளத்தான் நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவணும்" என்று பதில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார் அவர்.

அப்போதுதான் அவருக்கு டியூஷன் யோசனை வந்தது. ரேஷன் கடை புதுக் கட்டிடத்துக்குப் போனதால் பழைய கடை காலியாக இருந்தது. மண்ணெண்ணெய் வாடை போகாத அந்த அறையில் சாயந்தரம் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம். அதே அறையில் பிள்ளைகள் வருவதற்கு முன் டாக்டரிடம் மருந்து வாங்குகிற பெரியவர்கள் வந்து உட்கார்ந்து பேசுவார்கள்; அதுதான் அவருடைய மனநல மையம். ஆனால் ஒரு சட்டம்: புத்தகப்பை இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. பேரனின் பை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பை, காலிப் பை, எதுவானாலும் சரி. பார்க்கிறவர்களுக்கு, பிள்ளையை டியூஷனில் விட வந்தவர்கள். மாத்திரைகள் ஜாமெட்ரி பாக்ஸில் வீட்டுக்குப் போகும்.

கலியபெருமாள் என்கிற அறுபது வயதுக்காரர், கார்ட்டூன் பூனை படம் போட்ட இளஞ்சிவப்புப் பையை மாட்டிக்கொண்டு வருவார். மனைவி போன பிறகு கிணற்றடியிலேயே போய் நின்றுகொண்டிருந்தவர். "இன்னா பெருமாளு, ஹோம்வொர்க் முடிச்சிட்டியா?" என்று விருத்தாம்பாள் கேட்பார். "டீச்சர் அடிப்பாங்கன்னு பயந்து நைட்டெல்லாம் தூங்கிட்டேன் டீச்சர்" என்பார் அவர். தூங்கினார் என்பதுதான் அங்கே பெரிய சேதி.

ரஞ்சனி வந்தபோது பதினோராம் வகுப்பு. அம்மா பாம்பு கடித்து இறந்த பிறகு அவளுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. அதற்கு முன் இரண்டு மாதம் அவள் சிவசங்கர் என்கிற மாஸ்டரிடம் டியூஷன் போயிருந்தாள். பேச்சு நின்றதும் அவர் பாவாடையைக் கூப்பிட்டு, "இங்க மத்த பசங்களும் படிக்கறாங்க, மெண்டல் கேஸை எல்லாம் வெச்சிக்க முடியாது" என்று அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடமும் நின்றது.

பாவாடைதான் அவளைப் பழைய ரேஷன் கடைக்குக் கூட்டிவந்தார். தானே பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாதக்கணக்கில் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு சின்னப் பிள்ளைகளின் சிலேட்டில் தப்பைத் திருத்தினாள். பிறகு ஒருநாள் நான் கரும்பலகையில் எழுதியிருந்த ஒரு வார்த்தையைக் காட்டி, "ஸ்பெல்லிங் தப்பு மிஸ்" என்றாள். அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. விருத்தாம்பாள் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "டிகிரி முடிச்சவ போட்ட லட்சணம்" என்று என்னைத் திட்டினார். ரஞ்சனி மீண்டும் பள்ளிக்கூடம் போனாள். பரீட்சை எழுதினாள்.

ரிசல்ட் வந்த மறுநாள் காலை கூட்டு ரோட்டில் சிவசங்கர் மாஸ்டரின் ஃபிளெக்ஸ் நின்றது. அவர் கைகட்டி நிற்கிற பெரிய படம். சுற்றிலும் அவரிடம் படித்து மார்க் எடுத்த பிள்ளைகள். நடுவில், இரட்டைச் சடையோடு, ரஞ்சனி. துரத்திவிட்ட பெண்ணைத் தன் மாணவி என்று போட்டிருந்தார்.

விருத்தாம்பாளுக்குக் கண் மண் தெரியவில்லை. நேராகப் பிரிண்டிங் கடைக்குப் போனார். நானும் கூட இருந்தேன். சிவசங்கருடையதைவிடப் பெரிய அளவு வேண்டும் என்றார். கம்ப்யூட்டரில் இருந்த பையனிடம் நின்றபடியே சொல்லச் சொல்ல அவன் அடித்தான்: 'பேச்சை இழந்து, படிப்பை விட்டு, எங்கள் மனநல மையத்தில் சிகிச்சை பெற்று, 541 மதிப்பெண் எடுத்த எங்கள் மகள் ரஞ்சனி.' பொய் சொல்கிறவனை அடிக்க அவர் கையில் இருந்தது உண்மை மட்டும்தான்.

"ரஞ்சனிகிட்ட கேட்டீங்களாக்கா?" என்றேன்.

"எதுக்குக் கேக்கணும்? திருட்டு வேலயா பண்ணிட்டா? மார்க் எடுத்திருக்கறா."

"கீழ வாழ்த்துறவங்க போட்டோ இருந்தா குடுங்க மேடம். இல்லன்னா அடி காலியா தெரியும்" என்றான் பையன்.

மையத்தில் அடையாள அட்டைக்காக எல்லோரும் கொடுத்த போட்டோக்கள் அவர் போனில் இருந்தன. ஒவ்வொன்றாக அனுப்பினார்.

"அக்கா, வேணாம். அவங்கெல்லாம் பை தூக்கிக்கினு ஒளிஞ்சி வர்றவங்க" என்றேன்.

"எத்தினி நாளிக்கு ஒளியறது? ஒரு பொண்ணு ஜெயிச்சிட்டா. அந்தச் சந்தோசத்துல அவங்களும் நிக்கட்டும். நீ ஊரு ஊரா போயி போட்டோ எடுத்துப் போடற, அவங்க மூஞ்சி ஒரு ஃபிளெக்ஸ்ல வரக் கூடாதா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

புதன்கிழமை ஃபிளெக்ஸ் நின்றது. இந்த ஊரில் மொட்டை அடித்தால், காது குத்தினால், செத்தால், பூப்பெய்தினால் ஃபிளெக்ஸ் வைப்பார்கள். நின்று படிக்கிறவர்கள் குறைவு. இதை நின்று படித்தார்கள். போனில் படம் பிடித்தார்கள். மேலே ரஞ்சனி, கீழே வரிசையாகக் கலியபெருமாளும் மற்றவர்களும். இத்தனை நாள் பை தூக்கிக்கொண்டு போனது எதற்கு என்று மத்தியானத்துக்குள் செஞ்சிக்கே தெரிந்துபோனது.

கமிட்டியில் பாவாடையிடம் உடன் வேலை செய்கிறவன், "இன்னா பாவாட, உம் பொண்ணு மெண்டல் ஆஸ்பத்திரியில ஃபர்ஸ்ட் ரேங்க்காமே" என்றானாம். பாவாடை முதுகிலிருந்த மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வந்து ஃபிளெக்ஸைக் கிழித்தார். கிழித்த துண்டோடு பழைய ரேஷன் கடைக்கு வந்தார்.

"உங்கிட்ட பையத் தூக்கிக்கினு வந்தேனே. எதுக்கு வந்தேன்? யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான?"

"அந்த சிவசங்கரு பொய்யி சொல்லும்போது—"

"அவன் பொய்யி சொன்னான். எம் பொண்ணுக்கு மரியாதயா இருந்துச்சி. நீ நெசத்த சொன்ன. அவ காலையிலேருந்து வாயத் தெறக்கல."

விருத்தாம்பாள் அந்தத் துண்டை அவர் கையிலிருந்து வாங்கி, மடித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை பஸ் போய்விட்டது. சனிக்கிழமை பழைய ரேஷன் கடையில் யாரோ வேறு பூட்டைப் போட்டிருந்தார்கள். யார் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாதாம். பிள்ளைகளும் வரவில்லை. "எம் புள்ள அங்கப் படிச்சா அதுக்கும் ஏதோ இருக்குதுன்னு சொல்லுவாங்க" என்றார் ஒரு தாய், கதவுக்குப் பின்னாலிருந்து. கல்லூரிச் சேர்க்கை நாளும் வந்து போனது. ரஞ்சனியின் இடம் வேறு யாருக்கோ போயிற்று. பாவாடையின் எண்ணுக்கு விருத்தாம்பாள் கூப்பிட்டுப் பார்த்தார். போகவில்லை. என் போனிலிருந்து கூப்பிட்டார். அவர் குரலைக் கேட்டதும் பாவாடை வைத்துவிட்டார், அதன் பிறகு என் போனிலிருந்தும் போகவில்லை. பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களிடமெல்லாம் விசாரிக்கச் சொல்லி அனுப்பினார் விருத்தாம்பாள். பாவாடையும் மூட்டை தூக்க ஊருக்குத் திரும்பவில்லை. அந்தப் பெண் மாத்திரை சாப்பிடுகிறாளா, பேசுகிறாளா, உயிரோடு இருக்கிறாளா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

அறை போனதால் விருத்தாம்பாள் டாக்டர் வரும் நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்தார். முதல் மாதங்களில் யாரும் வரவில்லை. பிறகு ஒருநாள் கலியபெருமாள் வந்தார், கையில் பை இல்லாமல். விருத்தாம்பாளுக்கு எதிரே வந்து நின்று, வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி திட்டினார்.

"எம் மருமவ பேரப் புள்ளய எங்கிட்ட வுட மாட்டேங்கறா. கெணத்துல போட்டுருவேன்னு பயப்படறா. உன்னால."

"தப்புதான் பெருமாளு."

"தப்புன்னு சொன்னா ஆச்சா? போ, போயி சீட்டு வாங்கினு வா. எனக்கு நிக்க முடியல."

விருத்தாம்பாள் எழுந்து போய் வரிசையில் நின்று அவருக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதன் பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். எல்லோரும் திட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். யாரும் மன்னித்ததாக எனக்குத் தோன்றவில்லை. தூக்கம் வேண்டியிருந்தது, வந்தார்கள்.

"இன்னும் எதுக்குக்கா இந்த ஊருல திட்டு வாங்கினு உக்காந்திருக்கறீங்க?" என்று கேட்டேன்.

"வேற எவ வந்து உக்காருவா? நீயா? நீ அடுத்த மாசம் எந்த ஊருக்கு ஓடுவியோ."

ஓடினேன். திரும்பியும் வந்தேன். அதற்குள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வந்த வாரமே வராந்தாவுக்குப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. விருத்தாம்பாள் மெலிந்திருந்தார், வாய் மட்டும் அப்படியே இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது அவர் போன் சத்தம் கேட்டது. தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸப். கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. "படி" என்று என்னிடம் நீட்டினார். நான் படித்தேன்.

"ரஞ்சனி. பெங்களூர் வந்த பிறகு ஆறு மாசம் மாத்திரை இல்லாம இருந்தேன். மறுபடியும் பேச்சு நின்னுச்சு. எங்க நைனாதான் இங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனாரு. இப்ப நிக்காம சாப்டறேன். காலேஜுலயும் அவருதான் சேத்தாரு, பி.காம் முதல் வருஷம் முடிஞ்சிது. இங்க யாருக்கும் என்னப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க தேடுறீங்கன்னு கேள்விப்பட்டேன். தேடாதீங்க. இந்த நம்பருக்கும் பேசாதீங்க."