வைகை மணலில் ஓர் ஆள்காட்டி

செல்லூரில் தறிக்காரர் வீடொன்றில் தலைச்சன் பிரசவம். குழந்தை பிழைத்தது, உதிரப்போக்கு நிற்காமல் தாய் என் கண்முன்னே இறந்தாள். நான் அப்போது நகராட்சி மிட்வைஃப். முறைப்படி செய்ய வேண்டியது எதையும் நான் விடவில்லை என்று எங்கள் டாக்டரம்மா விசாரித்துச் சொன்னார். ஆனாலும் அடுத்த பிரசவத்துக்குப் பெட்டியைத் திறந்தபோது என் கைகள் நடுங்கின.

“பங்குனி முடியற மட்டும் லீவு எடுத்துக்கோ. அப்பவும் நடுங்குச்சுன்னா வேலையை விட்டுரு. பயந்த கைய நம்பி ஒரு உசுர ஒப்படைக்க முடியாது” என்றார் அவர்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வற்றிக் கிடந்த வைகைக்கு நடந்தேன். மணலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கருப்பாயி குரல் கொடுத்தாள்.

“அங்கிட்டுப் போகாதீகம்மா, மிதிச்சுருவீக. ஆள்காட்டிக் குருவி முட்டை வச்சிருக்கு.”

“வெறும் தரையிலயா? கூடு கட்டலையா?”

“அதுக்கு எந்தக் கொத்தனாரு வருவான்?”

கூழாங்கற்களுக்கு நடுவே, கற்களைப் போலவே முட்டைகள் கிடந்தன. அன்றுமுதல் எட்ட இருந்து பார்த்துவந்தேன். வெயில் ஏறியதும் பறவை எழுந்து, சிறு ஓடையாக ஓடிய நீரில் வயிற்றை நனைத்துத் திரும்பி, முட்டைகள் சூடேறாதபடி ஈரத்தோடு அவற்றின்மேல் அமரும். காய்ந்ததும் மறுபடி எழும். ஒரு காலையில் ஒரு முட்டையைக் காணோம். காக்கையோ கீரியோ, அறியேன். இனி அது அவ்விடத்தை விட்டுப் போய்விடும் என்றே எண்ணினேன். உச்சிவேளையில் அது வயிற்றை நனைத்து வந்து, எஞ்சியவற்றின்மேல் அமர்ந்தது. என்னையறியாமல் நெடுநேரம் அழுதேன். பிறகு மனம் அடங்கியது.

விடுப்பு முடிந்து, மீண்டும் செல்லூருக்கே அழைப்பு வந்தது. வேறொரு வீட்டில் ஒருத்திக்கு வலி கண்டு வெகுநேரமாகியும் பிள்ளை பிறக்கவில்லை. அவள் மாமியார் பொறுமையிழந்தார்.

“இம்புட்டு நேரமா சும்மா உக்காந்திருக்கீகளே நர்ஸம்மா, வெளக்கெண்ணெயாச்சும் குடுக்கவா? இல்ல, வயித்த அமுக்கி விடட்டுமா?”

“ரெண்டும் வேணாம். நாடி நல்லா இருக்கு, தலையும் எறங்குது. வெந்நி மட்டும் வைங்க.”

“எங்க காலத்துல இந்நேரம் மூணு பெத்திருப்போம்.”

வலியில் கிடந்தவளே அதற்குச் சிரித்துவிட்டாள். பொழுது சாயுமுன் பெண் குழந்தை பிறந்தது. தாயும் நலம்.

தொப்புள்கொடியை அறுத்து, உதிரம் கட்டுக்குள் இருப்பதை உறுதிசெய்து, கைகழுவ முற்றத்துக்கு வந்தபின்தான் என் விரல்கள் நடுங்கத் தொடங்கின. இத்தொழிலுக்கு வரும் பெண்களே, அச்சம் என்னை விட்டு ஒருநாளும் நீங்கியதில்லை. வேலை முடியும்வரை அதை வாசலில் காத்திருக்கச் செய்யலாம் என்பதை மட்டுமே கற்றேன்.