நெவேனா நிமிர்த்த மறுத்த மூலை

ரூசே நகரத்தில் நெவேனாவைத் தெரியாதவர்கள் குறைவு. மூன்று கால்மேல் நிற்கும் மரப்பெட்டி கேமராவைத் தெருவோரம் ஊன்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அரைமணி நேரம் ஆடாமல் அசையாமல் நிற்பாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். படத்தைப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

மற்றவர்கள் உயரமான கட்டடத்தைக் கண்டால் கேமராவை அண்ணாந்து பிடிப்பார்கள். படத்தில் கட்டடம் மல்லாந்து விழும். நெவேனா கேமராவை நிமிர்த்தி வைத்து, லென்ஸை மட்டும் மேலே நகர்த்துவாள். சுவர்கள் சுவர்களாக நிற்கும். அதிலும் பாருங்கள், முழுக்க நிமிர்த்தினால் கட்டடத்தின் தலை வீங்கினாற்போல் ஆகிவிடும் என்று இம்மியளவு சாய்வை வேண்டுமென்றே விட்டுவைப்பாள். எவ்வளவு என்பதை எந்தக் கருவியும் சொல்லாது, அவள் கண்தான் சொல்லும். சும்மா வருமா அந்தக் கண்? முப்பது வருஷத்து உழைப்பு.

அந்தச் செப்டம்பரில், ஆற்றோரத்தில் அவள் குடியிருந்த நாலுமாடி வீட்டுக்கே ஆபத்து வந்தது. நகராட்சிக்காரன் ஒருவன் வாசலில் நின்றபடி செல்போனை அண்ணாந்து பிடித்து எடுத்த படத்தில், வீடு மொத்தமும் பின்னால் சாய்ந்து கிடந்தது. அதை வைத்து, இடித்துவிடலாம் என்று எழுதிவிட்டார்கள். மறுப்பு இருந்தால் பத்து நாளில் ஆதாரம் தரவேண்டும். பதினாலு குடும்பங்கள் எங்கே போகும்?

"இத எடுத்தவன் கைய ஒடிக்கணும்," என்றார் மூன்றாம் மாடி மூலை வீட்டு ஸ்தாமன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், எழுபத்தாறு வயது. "நம்ம வீடு என்ன குடிச்சுட்டா நிக்குது? நெவேனா, நீ எடு ஒரு படம். பாத்தவன் வாயடைச்சுப் போகணும்."

மறுநாள் காலையிலேயே தெருவுக்கு எதிர்ப்பக்கம் கேமராவை ஊன்றினாள். பால்கனிதோறும் பனிக்காலச் சேமிப்புக்காகக் குடைமிளகாய் சுடும் புகை.

"ஒரு மணி நேரம் நிறுத்துங்கடி! வீடு பத்தி எரியுற மாதிரி தெரியுது!" என்று கீழேயிருந்து கூவினாள் நெவேனா.

"நிறுத்திட்டு, பனிக்காலத்துல உன் போட்டோவயா ரொட்டிக்குத் தொட்டுக்கறது?" என்று கத்தினாள் இரண்டாம் மாடி இல்கா.

இரண்டு நாளில் படம் தயாரானது. அடேயப்பா, என்ன படம்! வீடு ராஜா மாதிரி நின்றது. ஸ்தாமன் அதற்கு முத்தம் கொடுத்து, எல்லோருக்கும் ராக்கியாச் சாராயம் ஊற்றினார். நெவேனா மட்டும் கோப்பையைத் தொடவில்லை. படத்தில் வீட்டுக்குப் பின்னால் தெரிந்த தேவாலயக் கோபுரம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அந்தக் கோபுரத்தை அவள் இருபது தடவை எடுத்திருக்கிறாள், ஊசிபோல் நிற்கும்.

எப்போதும் ரசமட்டம் வைத்துத்தான் கேமராவை நிறுத்துவாள். அன்றைக்குப் புகை விலகிய அவசரத்தில், கேமராக் கண்ணாடியில் கீறியிருந்த செங்குத்துக் கோட்டை வீட்டின் இடப்பக்க மூலையோடு பொருத்திவிட்டாள். பிறந்து வளர்ந்த வீட்டை யார் சந்தேகப்படுவார்கள்? சாய்ந்திருந்தது கோபுரமல்ல, வீட்டின் மூலை.

"அப்ப படத்துல கோபுரத்த வெட்டி எறி," என்றார் ஸ்தாமன், அவள் அதைக் காட்டியதும்.

"மூலை சாஞ்சிருக்கு அண்ணே."

"வாழ்த்து அட்டைக்கு எடுக்கற படத்தையெல்லாம் உன் இஷ்டத்துக்கு வளைக்கறவதானே நீ? இதுக்கு மட்டும் என்ன உத்தமி வேஷம்?"

"அது அழகுக்கு அண்ணே. அந்த அட்டைய நம்பி யாரும் சுவருக்கு அடியில படுக்கல."

நாலாம் மாடி ஜன்னலிலிருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டாள். ரசமட்டத்தை வைத்துத் திரும்ப எடுத்தாள், இம்மி சாய்வுகூட விடாமல். மூலையின் உச்சி, நூலைவிட்டு ஒரு சாண் விலகி நின்றது. நூலும் தெரிகிற அந்தப் படத்தைத்தான் நகராட்சியில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்து அழுதாள். அவளுக்கும் வேறு வீடு கிடையாது. அப்படியிருந்தும் கொடுத்தாளே, அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. படியில் எதிர்ப்பட்டால் இல்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வீட்டைக் காட்டிக் குடுத்தவ" என்று ஸ்தாமன் அவள் காதுபடவே சொன்னார்.

பதினோராம் நாள் பொறியாளர் கரஜோவ் நேரில் வந்தார். மூலையில் பூச்சைத் தட்டச் சொன்னார். உள்ளே மூன்றாம் மாடித் தரையைத் தாங்கும் உத்தரத்தின் முனை தண்ணீரில் ஊறிய ரொட்டியாகப் பிய்ந்து வந்தது.

"இந்தக் குளிர்காலத்தத் தாண்டியிருக்காது," என்றார். "ஆனா மத்த மூலை எல்லாம் நூல் புடிச்ச மாதிரி இருக்கு. எங்காளு எடுத்த பழைய படத்துல மொத்த வீடும் சாயுது, அதான் இடிக்கச் சொன்னோம். இப்ப எது கெட்டுப்போச்சுன்னு தெளிவாத் தெரியுது. முட்டுக் குடுத்து இந்த மூலைய மட்டும் கட்டிடலாம். மூணாம் மாடி மூலை வீட்டுக்காரர் மட்டும் வசந்தம் வரைக்கும் வெளிய இருக்கணும்."

இல்கா அங்கேயே நெவேனாவைக் கட்டிக்கொண்டாள்.

சாமான் கட்ட உதவலாம் என்று நெவேனா ஸ்தாமன் வீட்டுக்குப் போனாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனாள். அவர் கட்டிலை நகர்த்திக்கொண்டிருந்தார். சுவரோரக் கால்கள் இரண்டுக்கும் அடியில் பலகைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஏழெட்டு இருக்கும். அவள் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பாக்குற?" என்றார் ஸ்தாமன். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? கட்டில் சுவர்ப்பக்கம் எறங்க எறங்க ஒரு பலக சொருகுனேன். வெளிய சொன்னா என்னைய எங்க கொண்டுபோயி விடுவாங்களோன்னு பயம். கீழ இல்காவோட புள்ளைங்க ரெண்டு தூங்குதுங்க. அதுவும் தெரிஞ்சுதான்மா படுத்தேன்."

சொல்லிவிட்டு மெத்தையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நெவேனா அவர் எழுந்திருக்கும்வரை காத்திருந்து, கட்டிலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.