முகாமுக்குப் போன இரண்டு தடவை

கர்ப்பப்பை இறங்கிவிட்டது என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார். ஆபரேஷன் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. வீட்டில் எதைத் தூக்குகிறாய் என்று கேட்டார். வீட்டுக்காரரை என்றேன்.

இலவச டிவி கொடுத்த சமயம் அது. கோவிலம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். வடக்கே மலையில் லாரி உருண்டு முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வலது கை விரல்களும் மடங்காது. கட்டிலில் இருந்து நாற்காலிக்கு, நாற்காலியில் இருந்து கட்டிலுக்கு, நடுவில் குளிக்க, வெளிக்குப் போக. ஐந்து வருஷம் நான்தான் தூக்கினேன். பிள்ளைகள் இல்லை.

அடுத்த தெருவில் பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆன அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் சொல்லித்தான் தெரிந்தது. கூடவே ஒரு ஆள் இருந்தாக வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், ஆள் வைத்துக்கொள்ள சர்க்கார் மாசாமாசம் தருமாம். பென்ஷன் ஆபீஸ், ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ் என்று தனித்தனியாக அலைய வேண்டாம், தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லாரும் ஒரே நாளில் மேஜை போட்டு உட்காருகிறார்கள், அந்த முகாமுக்குக் கூட்டிப் போ என்றார்.

அந்தக் காகிதம் வந்தால் எனக்கு ஆபரேஷன். வராவிட்டால் இல்லை.

முகாம் அன்று காலையில் வீட்டுக்காரர் ஷேவ் பண்ணச் சொன்னார். ஆபீசர் முன்னால் தாடியோடு போய் அவருக்குப் பழக்கமில்லை. ஷேவ் பண்ணினேன். குளிப்பாட்டினேன். நகம் வெட்டினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். நடக்காத காலுக்கு ஷூ பாலிஷ் போட்டு மாட்டினேன். மூத்திரப் பையைப் பேண்டுக்குள் மறைத்துக் கட்டினேன். தெருமுனை ஆட்டோக்காரரும் நானும் சேர்ந்து அவரை ஏற்றினோம்.

மண்டபத்தில் ஆறு மேஜை இருந்தது. முதல் மேஜையில் இரண்டாவதுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாவதில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். டாக்டர் பட்டாளத்து டாக்டர். அவரைக் கண்டதும் இவர் மடங்காத கையைத் தூக்கி சல்யூட் வைத்தார். தானாகச் சாப்பிட முடியுமா என்று டாக்டர் கேட்டார். முடியும் சார். குளிக்க? முடியும் சார். கக்கூஸ்? சமாளிச்சுக்குவேன் சார். குரல் மண்டபம் பூராவும் கேட்டது. டாக்டர் முதுகைத் திருப்பிப் பார்த்தார். ஒரு படுக்கைப் புண் இல்லை. உடம்பை நன்றாக வைத்திருக்கிறாய் என்று அவரைப் பாராட்டிவிட்டு எழுதினார்.

நான் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றேன். ஆபீசர் முன்னால் வீட்டுக்காரரைப் பொய்யனாக்க வாய் வரவில்லை.

ஆள் தேவையில்லை என்று எழுதியிருப்பதாக கிளார்க் படித்துச் சொன்னார். ஆறு மாதம் கழித்து மறுபடி முகாம் வரும், அப்போது வரச் சொன்னார்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் கேட்டார். "இன்னாக்கா, மாப்ள கணக்கா ஜோடிச்சு இட்டுகினு வந்தா எவன் குடுப்பான்?"

வீட்டுக்காரர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆறு மாதமும் அடிவயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூக்கினேன். வலி ஒன்றும் புதிதாக இல்லை.

அடுத்த முகாமுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஷேவ் பண்ணுவதை நிறுத்தினேன். முகாம் அன்று காலையில்தான் ஷேவ் பண்ணச் சொன்னார். ரேசரையும் மக்கில் தண்ணீரையும் கண்ணாடியையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"தானா பண்ணிக்குவேன்னு சொல்லி எழுதி வாங்கினு வந்தியே. பண்ணிக்கய்யா."

இடது கையால் பிடித்தார். ஒரு கன்னம் முடிவதற்குள் இரண்டு இடத்தில் கிழித்துக்கொண்டார். ரேசர் மடியில் விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்படியே ஏற்றிக்கொண்டு போனோம். பாலிஷும் போடவில்லை.

அதே டாக்டர். அவரைப் பார்த்து, பாதி தாடியைப் பார்த்து, ஷேவ் பண்ணிவிட மாட்டாயா என்று என்னைக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். வீட்டுக்காரர்தான் பேசினார்.

"அவளால தூக்க முடியாது சார். உள்ள எல்லாம் எறங்கிடுச்சு. அவளுக்கு ஒரு ஆள் போட்டுக் குடுங்க சார்."

இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அவர் வெளியாளிடம் பேசி நான் கேட்டதில்லை.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு ஃபாரத்தைத் திருப்பிக் காட்டினார். "இதுல அவங்களுக்குன்னு எழுத எடமே இல்லப்பா. உன்னைப் பத்தித்தான் கேக்குது. உன்னால முடியுமா முடியாதா?"

அவர் ஃபாரத்தைப் பார்த்தார்.

"முடியாது சார்."

சாப்பிட? ஸ்பூன் வைத்துச் சாப்பிடுவேன் சார். குளிக்க? முடியாது சார். கக்கூஸ்? முடியாது சார். இந்தத் தடவை எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. சல்யூட் வைக்காமல் திரும்பினார்.

காகிதம் வந்தது. மேடவாக்கத்தில் இருந்து ஒரு ஆள் வந்தார், ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவர். எனக்கு ஆபரேஷன் ஆனது. வீட்டுக்கு வந்து பாயில் படுத்திருந்தேன். அந்த ஆள் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி உட்கார வைத்தார். என்னைவிட லேசாகத் தூக்கினார். பிறகு ரேசரை எடுத்து, ஷேவ் பண்ணிவிடட்டுமா சார் என்று கேட்டார்.

"யாராவது வராங்களா?"

"யாரும் வரலியே சார்."

"அப்ப வேணாம்."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். நான் அவரைத் தூக்க இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.