ஏழாம் பக்கத்தில் இருந்த மிச்சம்

போன மாதம் ஒரு மத்தியானம், ஆபீஸ் வரவேற்பிலிருந்து போன். “சார், ஒரு அம்மா வந்திருக்காங்க. கட்டுரைப் பக்கம் பார்க்குறவரப் பார்க்கணுமாம்.”

இந்தப் பத்தி எனக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை. மற்ற நாட்களில் இதே பேப்பரில் பக்கம் அமைப்பதுதான் பிழைப்பு. அச்சான வரிகளை பிளேடால் வெட்டி, பசை தடவி, பக்கத்தில் ஒட்டுவது. உங்களில் பலருக்கு இது தெரியாது... தெரிய வேண்டிய அவசியமும் இதுவரை வரவில்லை.

கீழே போனேன். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் மடித்த இரண்டு பேப்பர் தாள்கள்.

பெயர் பிலோமினா. கணவர் சவரிமுத்து இங்கே சிங்கப்பூரில், சாங்கி ஏர்போர்ட் கார்கோவில் வேலை பார்த்தவர். அவர் இறந்த முப்பதாம் நாள் பூசை அந்த வாரம்தான் முடிந்திருந்தது.

தாள்களை மேசைமேல் விரித்தார்.

“இது மூணாம் பக்கம் சார். அவரு ரெண்டு தடவ படிச்சாரு. எனக்கும் வாசிச்சுக் காட்டினாரு. இது ஏழாம் பக்கம். பழைய பேப்பர்க்காரருக்குப் போட மடிக்கிறப்ப கண்ணுல பட்டுச்சு...” தாளை என் பக்கம் திருப்பினார். “இது அதோட மிச்சமா?”

நீரிழிவைப் பற்றி ஒரு டாக்டர் எழுதிய நீண்ட கட்டுரை. மூன்றாம் பக்கம் முழுக்கப் பாகற்காய்ச் சாற்றின் பெருமை. கடைசி வரி இப்படி முடிகிறது: ‘பலர் இன்று மருந்தின் தயவின்றி நடமாடுகிறார்கள்.’

ஏழாம் பக்கம் இப்படித் தொடங்குகிறது: ‘ஆனால், ஊசி போட்டுக்கொள்பவர்கள் எக்காரணம் கொண்டும் அதை நிறுத்தக் கூடாது.’

“ஆமாம்மா” என்றேன்.

“அவரு நிறுத்திட்டாரு சார். ஆஸ்பத்திரில ஒரு வார்த்தை கேட்டுக்கங்கன்னு சொன்னேன். ‘டாக்டரே எழுதியிருக்காரு லா, இன்னும் யாரக் கேக்குறது’ன்னாரு. ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்தாரு. அப்புறம் வாந்தி, மூச்சு வாங்குது... ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்பவே நினைவில்ல.”

அழவில்லை. மூன்றாம் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். “மீதி ஏழாம் பக்கம்னு இங்க ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே?”

போட்டிருந்தது. நான்தான் எடுத்தேன்.

அந்தக் கட்டுரையை ஒட்டிய சனிக்கிழமை, பக்கம் முடியும் நேரத்தில், ஒரு நகைக்கடை விளம்பரம் ஒரு வரி உயரம் அதிகமாக வந்தது. கட்டுரையில் ஒரு வரியை வெட்டினால் பொருள் கெடும். விளம்பரத்தில் கை வைக்க முடியுமா? ‘தொடர்ச்சி ஏழாம் பக்கம்’ என்ற வரியை வெட்டி எறிந்தேன். வேண்டியவர்கள் புரட்டிப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். ஏன் புரட்டுவார்கள்? முற்றுப்புள்ளிதான் அழகாக விழுந்திருக்கிறதே!

“யாரு சார் இந்த வேலையச் செய்யுறது?”

“நாங்க எல்லாரும் சேர்ந்துதாம்மா...”

நாங்கள்! எத்தனை வசதியான சொல்.

அவர் தாள்களை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றே ஆசிரியரிடம் சொன்னேன். “கேஸ் கீஸ் வந்துடப் போகுது, பேசாம இரும்” என்றார். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் ஒரு மாதிரிப் பக்கம் ஒட்டி அவர் மேசையில் வைத்தேன். கட்டுரையின் தலையிலேயே ஒரு கட்டம்: எத்தனை பகுதி, எது எந்தப் பக்கம். ஆபத்தான செய்தி முதல் பத்தியிலேயே. கட்டுரை உண்மையில் முடியும் இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம்.

“இதுக்கு நாலு வரி இடம் போகுமே?” என்றார்.

“போகட்டும் சார்.”

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். சரி என்றார்.

பதினைந்து வருடம் பக்கம் அமைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நீளமாக எழுதுவதில் தப்பில்லை. ஆனால் படிப்பவர் இப்போது எங்கே நிற்கிறார், இன்னும் எவ்வளவு இருக்கிறது, அடுத்து எங்கே போக வேண்டும் – இதைச் சொல்லாமல் விட்டால், அவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டு ‘ஊர் வந்தாச்சு’ என்று சொல்கிறோம்.

போன ஞாயிறு, பூசை முடிந்து வந்திருப்பார் என்ற கணக்கில், தோ பாயோவில் உள்ள பிலோமினாவின் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

“அந்த வரிய வெட்டினது நான்தாம்மா. நான் மட்டும்தான்.”

புதிய பக்கத்தை நீட்டினேன். வாங்கி, கட்டத்தில் இருந்த பக்க எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“தெளிவா இருக்கு சார்” என்றார். “இப்ப எனக்கே புரியுது.” பக்கத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “வச்சுக்கங்க. இங்க படிக்க ஆளில்ல.”

கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது.

இதை எழுத வேண்டாம் என்றார் ஆசிரியர். பிறகு, பெயர்களையாவது மாற்றும் என்றார். மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது.

பிலோமினா இதைப் படிக்கமாட்டார். அந்த வீட்டில் பேப்பரை நிறுத்திவிட்டார்கள்.