காய்ச்சல் வராத உடம்பு

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு அண்ணி போன் செய்தார். "உங்கண்ணன் போயிட்டாரு" என்றார்.

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஆறு வருடங்களுக்கு முன் அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தபோது, என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். அதற்கு 'உன் ஆளு' என்று பேர் வைத்துவிட்டான். "உன் ஆளு ஒழுங்கா வேலை பாக்கறான்டி. உன்ன மாதிரி சோம்பேறி இல்ல" என்று சீண்டுவான்.

அவன் உடம்புக்கு என்னவோ அது கடைசிவரை அந்நியம்தான். ரத்தத்தில் சுற்றும் வெள்ளை அணுக்கள் ஒவ்வொரு செல்லின் மேலும் உள்ள அடையாளத்தைத் தடவிப் பார்க்கும். தன்னுடையது என்றால் விடும், இல்லையென்றால் தாக்கும். கிருமிகளிடமிருந்து நம்மைக் காப்பது இந்தச் சந்தேகம்தான். கூடப் பிறந்தவள் கொடுத்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் காலை எட்டு, இரவு எட்டு என்று மாத்திரை போட்டு அந்தக் காவலை அடக்கி வைத்திருந்தான். ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவனுக்கு இருமல்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாண்ணா."

"அட போடி. தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தாச்சு, தொண்ணூத்தெட்டு. காய்ச்சலே இல்லாதவன்கிட்ட டாக்டர் எதப் பாப்பாரு, அழகையா?"

"ஆமா, அதப் பாக்கத்தான் அங்க கியூ நிக்குது."

சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தொண்ணூற்றெட்டு என்றதும் நானும் வற்புறுத்தவில்லை.

காய்ச்சலைக் கிருமி கொண்டுவருவதில்லை. கிருமியைக் கண்ட அணுக்கள் அனுப்பும் சேதியைக் கேட்டு மூளைதான் உடம்பைச் சூடாக்குகிறது. மாத்திரை அந்தச் சேதியையும் அமுக்கிவிட்டிருந்தது. நுரையீரல் முழுக்கக் கிருமி பரவியபோதும் தெர்மாமீட்டர் அசையவில்லை. காய்ச்சலுக்காகக் காத்திருக்காமல் வரவும் என்று மருத்துவமனை கொடுத்த தாளிலேயே அச்சடித்திருந்தது. அந்தத் தாளை நான் படித்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவன், மூச்சு வாங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தே ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் மாடியில் அவன் மாற்றிக்கொண்டிருந்த லிஃப்ட் பட்டன் பலகையில் நான்கு திருகுகளில் இன்னும் இரண்டுதான் முடுக்கப்பட்டிருக்கின்றன.