பதினாலு போட்ட போர்டு

டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் போய்விட்டு, சத்தம் மட்டும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். டிவி செத்துப்போச்சு என்று திட்டிக்கொண்டே மெக்கானிக்கைத் தேடியிருப்பீர்கள். பல நேரம் அது சாகவில்லை. உள்ளே ஒரு போர்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு நல்ல தகுதி உண்டு. அந்த வேலையைச் செய்யாத போர்டுகளையும் 'பாஸ்' போட்டு அனுப்பி வைத்தவள் நான்.

திருபுவனையில் மெயின்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் கம்பெனி. கீழே டிவி அசெம்பிளி. மாடியில் நாங்கள், திரைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி பல்புகளுக்குக் கரண்ட் கொடுக்கும் போர்டைச் சோதிக்கிறவர்கள். அந்தப் பல்புகளைப் பூச்சரம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். ஒன்று போனால் அந்தச் சரமே அணைந்துவிடும். போர்டுக்கு அது தெரியாது. கரண்ட் போகவில்லையே என்று வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். ஒரு அளவைத் தாண்டினால் தானாக நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் கனெக்டரில் பொறி பறக்கும், கருகும், பல்புக்கு முன்னால் இருக்கும் வெள்ளை ஷீட் உருகும். அது யார் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறதோ அவர்கள் பாடு.

அது நிற்கிறதா என்று பார்ப்பதுதான் ஓபன் டெஸ்ட். போர்டை மேசையில் இருக்கும் சட்டத்தில் வைத்து, மூடியை அமுக்கி, காலால் பெடலை மிதித்தால் பல்புச் சரம் அறுந்தது போல ஆகும். போர்டு நின்றால் பச்சை. நிற்காவிட்டால் சிவப்பு. பச்சை வந்ததை ஸ்கேன் செய்து, ஓரத்தில் வெள்ளைப் பேனாவால் நம் மேசை எண்ணைப் போட்டுத் தள்ளிவிட வேண்டும். என் எண் பதினொன்று.

எனக்குப் பக்கத்து மேசை பதினாலு. நடுவில் இருந்த இரண்டு மேசைகள் ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை. பதினாலில் உட்கார்ந்திருந்தவள் கடலோரத்துப் பனித்திட்டுப் பெண், என்னைவிட ஆறு வயது சின்னவள். சைக்கிளில் மெயின்ரோட்டுக்கு வந்து கம்பெனி பஸ் ஏறுவாள். பாகூரில் நான் ஏறும்போது ஜன்னல் பக்கத்து இடத்தைத் தன் பையை வைத்துப் பிடித்திருப்பாள். அவள் கொண்டுவரும் நெத்திலி வறுவலுக்காகவே நான் வெறும் சாம்பார் சோறு கட்டிக்கொண்டு போவேன். "நீ கொழம்பு வைக்கறதையே வுட்டுட்ட, இல்லக்கா?" என்பாள். அது உண்மைதான்.

எங்கள் மாடியில் மேசைக்கு ஒரு மாப்பிள்ளை இருந்தார். சட்டம் சரியாக வேலை செய்கிறதா என்று காலையில் பார்ப்பதற்காக வைத்திருக்கும் மாதிரி போர்டு அது. குறையே இல்லாதது என்று சீல் குத்தி, ரோஸ் கலர் கவரில் சுற்றி, தனிப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்கள். கையுறை போடாமல் தொடக்கூடாது. இத்தனை மரியாதை மாப்பிள்ளையைத் தவிர யாருக்குக் கிடைக்கும் என்று பெண்கள் வைத்த பெயர். ஷிப்ட் தொடங்கும்போது மாப்பிள்ளையை வைத்துப் பச்சை வாங்கிவிட்டு, பெட்டியில் படுக்க வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

ஒரு கோடையில் எங்கள் சட்டங்களில் இருந்த ஊசிகள் தேய்ந்துபோயின. போர்டில் வந்து குத்தி வோல்டேஜைப் படிக்கிற ஊசிகள் அவை. நல்ல போர்டுக்கும் சிவப்பு, கெட்ட போர்டுக்கும் சிவப்பு. மாப்பிள்ளைக்கு மட்டும் எப்போதும் பச்சை. அவர் மேல் ஈயம் தடிப்பாக இருக்கும், தேய்ந்த ஊசியும் போய்த் தொட்டுவிடும். சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"ஊசி வந்துனு இருக்குதும்மா. அது வரைக்கும் சமாளி."

"எப்டி சார் சமாளிக்கறது?"

"பழைய ஆள் நீ. உனக்குச் சொல்லணுமா?"

சொல்லத்தான் இல்லை. மூன்றாவது நாள், தினசரி எண்ணிக்கை எழுதும் பலகையில் என் பெயர் குறைந்தவர்கள் வரிசையில் சிவப்பில் வந்த பிறகு, நான் மாப்பிள்ளையைப் பெட்டியில் திரும்ப வைக்கவில்லை. சட்டத்திலேயே உட்கார வைத்தேன். பெடலை மிதித்தேன், பச்சை வந்தது. பக்கத்தில் இருந்த வேறு போர்டை எடுத்து ஸ்கேன் செய்து பதினொன்று என்று எழுதினேன். அடுத்த போர்டுக்கும் அதே. கை ஒரு நிமிஷம்தான் தயங்கியது. இந்த வித்தையை நான்தான் கண்டுபிடித்தேன் என்பதை மறைக்க மாட்டேன், இதையாவது. ஒரு வாரத்தில் எல்லா மேசையிலும் மாப்பிள்ளை நாள் முழுக்க விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மாப்பிள்ள எழுந்துட்டாராடி?" என்று காலையில் கேட்டுச் சிரிப்போம். சூப்பர்வைசர் கடந்து போகும்போது வேண்டுமென்றே ஜன்னலைப் பார்ப்பார். ஊசி வரவே இல்லை.

பதினாலு மட்டும் அதைச் செய்யவில்லை. சிவப்பு வந்த போர்டை எடுத்து, ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மூடியைக் கையால் அழுத்திப் பிடித்து மறுபடி மிதிப்பாள். மூன்று தடவை சிவப்பு வந்தால்தான் கழிவுப் பெட்டியில் போடுவாள். எங்கள் பாதி எண்ணிக்கைகூட அவளுக்கு வராது. பலகையில் தினமும் அவள் பெயர் சிவப்பு.

"உனக்கு மட்டும் இன்னா வந்துச்சு?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"எங்க வூட்லயும் டிவி கீதுக்கா. உப்புக் காத்துல பல்பு சும்மா சும்மா பூடும். படம் போய் சத்தம் மட்டும் வரும். அப்பல்லாம் அந்த போர்டுதான் காப்பாத்தினு இருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. நியாயம் பேசுகிறவர்கள் மேல் வருகிற கோபம் அது, வேறொன்றும் இல்லை.

இதோடு நின்றிருந்தால்கூட அவள் பிழைத்திருப்பாள். சாப்பாட்டு நேரத்தில் நான் கை கழுவிவிட்டு வருவதற்குள், நான் இன்னும் ஸ்கேன் செய்யாத தட்டிலிருந்து நாலைந்து போர்டை எடுத்துப் போய்த் தன் மேசையில் சோதிப்பாள். நல்லதைத் திரும்ப வைத்துவிடுவாள். கெட்டதைத் தன் கழிவுப் பெட்டியில் போட்டுக்கொள்வாள், தன் கணக்கில். முதல் தடவை பார்த்தபோது என்னடி செய்கிறாய் என்றேன். "சும்மாதாங்க்கா உக்காந்துனு இருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். எனக்கு நஷ்டமில்லையே.

இதில் ஒரு சின்ன விஷயம். உடம்பில் இருக்கும் கரண்ட் போர்டைக் கெடுத்துவிடாமல் இருக்க நாங்கள் மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டியிருப்போம். அதன் ஒயர் அவரவர் மேசையோடு சரி. என் மேசைக்கு வர வேண்டும் என்றால் அவள் பட்டையைக் கழற்றித்தான் வர வேண்டும்.

மழைக்காலத்தில் ஒரு அட்டைப்பெட்டி திரும்பி வந்தது. உள்ளே எங்கள் போர்டுகள், கனெக்டர் பக்கம் கருகி, காபிக்கொட்டை நிறத்தில். பெட்டியைப் பிரித்ததும் மாடி முழுக்க அந்த வாடை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னார்கள். யாராவது விசாரித்துவிட்டுத்தான் சொன்னார்களா என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் ஒரு போர்டைக் கையில் எடுத்துத் திருப்பினார். ஓரத்தில் என் கையெழுத்தில் பதினொன்று. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். போர்டைக் கவிழ்த்துப் பெட்டியிலேயே வைத்தார். ஊசி கேட்டு நான் போனது அவருக்கு ஞாபகம் இருந்தது, அவர் சமாளி என்றது எனக்கு ஞாபகம் இருந்தது.

அறிக்கையில் எழுத ஒரு காரணம் வேண்டும். எல்லா மேசையிலும் ஓபன் டெஸ்டில் கழிவே இல்லை, பதினாலில் மட்டும் மலை மாதிரி கழிவு. இதைப் பார்த்தால் எந்த மேசை ஒழுங்காகச் சோதித்தது என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும். அவர்களுக்கும் புரிந்திருக்கும். ஆனால் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் படித்தார்கள். பதினாலு கை வைத்த போர்டெல்லாம் கெடுகிறது என்று.

என்னைக் கண்ணாடி ரூமுக்குக் கூப்பிட்டார்கள். டைப் அடித்த தாள் தயாராக இருந்தது. பதினாலாம் எண் மேசைப் பெண், பட்டை இல்லாமல் என் மேசைப் போர்டுகளைப் பலமுறை தொட்டதை நான் கண்ணால் பார்த்தேன் என்று நாலு வரி.

"இதுல எதனா பொய் கீதான்னு படிச்சிப் பாரும்மா," என்றார் சூப்பர்வைசர். "அடுத்த மாசம் உனக்கு கான்ட்ராக்ட் முடியுதில்ல?"

படித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என் வீட்டுக்காரர் குத்தகைக்கு எடுத்த கரும்புக் கொல்லையில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது, பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம். இதெல்லாம் காரணம் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். உண்மையில் கையெழுத்துப் போடும்போது நான் நினைத்தது, அந்தப் பெட்டியில் கவிழ்ந்து கிடந்த பதினொன்றை. பயந்தேன். போட்டுவிட்டேன்.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னல் பக்கத்து இடம் காலியாக இருந்தது. நான் அதில் உட்காரவில்லை. அதே வாரம் புது ஊசிகள் வந்தன. மாப்பிள்ளை பெட்டிக்குத் திரும்பினார்.

தீபாவளிக்கு முன்னால், கேபினட்டில் கீறல் விழுந்த டிவிகளை ஸ்டாஃபுக்கே குறைந்த விலையில் தரப்போவதாகச் சொன்னார்கள். மழைக்கு முந்தி ஓட்டிய சரக்கு. அன்றைக்கு மாடியில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். ஒவ்வொருத்தியாகக் கீழே அசெம்பிளியில் தெரிந்த பெண்ணிடம் போய், காதோடு காதாக ஒன்றையே கேட்டார்கள். பின்மூடியைக் கழற்றிப் பார்த்து, பதினாலு போட்ட போர்டு இருக்கிற டிவியாக எடுத்துக் கொடு. அவளைப் பற்றி அதே மாதிரி தாளில் கையெழுத்துப் போட்டவர்களும் கேட்டார்கள். நானும் கேட்டேன். அவள் இருந்தபோது அவள் பக்கம் ஒரு வார்த்தை பேசாத வாயெல்லாம் அவள் எண்ணைச் சொல்லிக்கொண்டு அலைந்தது.

"லேட்டா வந்துட்டியேக்கா," என்றாள் அசெம்பிளிப் பெண். "பதினாலு எல்லாம் காலையிலேயே பூட்சி. ஒண்ணுதான் மிச்சம். அதுல பதினொண்ணு போட்டிருக்குது, பரவால்லியா?"

பிள்ளைகளிடம் டிவி வருகிறது என்று சொல்லியாகிவிட்டது. எடுத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது நடுவீட்டில் சுவரில் இருக்கிறது. நான் வீட்டில் இல்லாவிட்டால் போடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பார்த்து முடித்ததும் பிளக்கையே பிடுங்கிவிடுவேன். கரண்ட் பில்லுக்குப் பயந்த பிசினாரி என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். சிரித்து வைக்கிறேன்.

போன மாதம் வில்லியனூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். அங்கே ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வேலை செய்கிறாளாம். இறங்கிவிடலாமா என்று பார்த்தேன், அதற்குள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். உட்கார்ந்தேன். தாளில் யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டாள். கரும்பு எப்படி என்று கேட்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கம்பெனில டிவி குடுத்தாங்களாமே. எல்லாரும் என் நம்பரா பாத்து எடுத்தாங்களாம், சொன்னாங்க. உனக்கு இன்னா வந்துச்சுக்கா?"

"பதினாலு," என்றேன்.

"அப்ப பயமில்லக்கா," என்றாள். "புள்ளைங்க நல்லா பாக்கட்டும்."